ஐ.பி. முகவரி: கதவு எண் ஆளைக் காட்டுமா?



இம்முறை இலக்கணமும் இல்லை, செய்யுளும் மொழியணியும் இல்லை. கணினி வழங்கியைப் பற்றி எழுதப் போகிறேன். 'டீச்சருக்கு இது எதற்கு?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற நாளில் கணினி என்பது பூட்டிய அறைக்குள் துணி போர்த்தி வைத்திருந்த ஒரு பொருள். அப்படிப்பட்டவள் வழங்கியைப் பற்றி எழுதத் துணிந்ததற்குக் காரணம், அதைச் சரியாக அறியாததால் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவனை நான் பொய்யன் என்று நினைத்தேன். நினைத்ததோடு நில்லாமல் அவன் தாயிடம் சொல்லவும் சொன்னேன்.

2021ஆம் ஆண்டின் தொடக்கம். இரண்டாம் முறையாக நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடப்பட்டு, இல்லிருப்புக் கற்றல் கற்பித்தல் நடந்துகொண்டிருந்த காலம். எங்கள் வட்டாரத்துத் தமிழாசிரியர்கள் சிலர் சேர்ந்து, மாணவர்களுக்கு வாரந்தோறும் இணையவழிப் புதிர்ப்போட்டி நடத்தினோம். ஆளுக்கு ஒரு பெயர், நான்கு இலக்கக் கடவு எண், இருபது கேள்வி. மென்பொருள் படித்த இளைஞர் ஒருவர் சம்பளம் வாங்காமல் அதை அமைத்துக் கொடுத்தார். நான்கு இலக்கம் என்றால் பத்தாயிரம் வாய்ப்புகள்தாம். யாராவது உட்கார்ந்து ஒவ்வொன்றாக முயன்றால் கண்டுபிடித்துவிடலாம். அதனால் ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து ஐந்து முறை தவறான எண் வந்தால், அந்த முகவரிக்கு ஒரு மணி நேரம் கதவடைப்பு என்று விதி வைத்திருந்தார். நல்ல விதிதான்.

மாணவர் கூட்டம் பெருகவே வழங்கி திணறியது. உடனே தம்பி அதற்கு முன்னால் ஒரு ப்ராக்ஸியை நிறுத்தினார். பதிலி வழங்கி என்று நாம் சொல்லலாம். வருகிறவர்களை வாசலிலேயே எதிர்கொண்டு, கேட்டதை உள்ளேயிருந்து வாங்கிக் கொடுக்கும் ஆள். அன்று மாலை போட்டி தொடங்கிய மூன்றாம் நிமிடத்தில் எல்லாரும் வெளியே தள்ளப்பட்டார்கள். புலனக் குழுவில் பெற்றோர் குரல்பதிவுகள் மழையாகக் கொட்டின. பதிவேட்டைத் திறந்து பார்த்தால் அத்தனை குழந்தைகளுக்கும் ஒரே முகவரி: 127.0.0.1. அந்த எண்ணுக்குப் பொருள், 'நானேதான்'. தன் வாசலில் நிற்கும் ப்ராக்ஸியின் முகவரியையே வழங்கி எல்லார் பெயருக்கும் நேரே எழுதி வைத்திருந்தது. அங்கொருவர் இங்கொருவராக ஐந்து குழந்தைகள் எண்ணைத் தவறாக அழுத்தியதும், 'நானேதான்' என்ற அந்த ஒற்றை ஆளுக்குக் கதவடைத்துவிட்டது. ஊரே வெளியே நின்றது.

இது ஏன் நடக்கிறது என்று எனக்கு விளங்கியது தம்பி சொன்ன விளக்கத்தால் அன்று. என் அம்மா வளர்ந்த தோட்டத்தை நினைத்தபோதுதான்.

அந்தத் தோட்டத்தில் லயத்து வீடுகளுக்குத் தனித்தனி முகவரி கிடையாது. கடிதம் எல்லாம் தோட்ட அலுவலகத்துக்கு வரும்; கிராணி பிரித்துக் கொடுப்பார். போகும் கடிதமும் அவர் கை வழியே போகும். பட்டணத்தில் கடிதம் பெறுபவருக்குத் தெரிவது தோட்டத்தின் முத்திரை மட்டுமே. எந்த லயத்தின் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால், கிராணி உறையின் ஓரத்தில், 'மூன்றாம் லயம், ஏழாம் வீட்டார் கொடுத்தது' என்று எழுதி அனுப்ப வேண்டும்.

இணையத்தில் அந்த ஓரக் குறிப்புக்குப் பெயர் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார். ஸ்குவிட் என்னும் ப்ராக்ஸி மென்பொருளை உருவாக்கியவர்கள் புகுத்திய வழக்கம் இது. பிறகு எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். 2014இல் 'ஃபார்வர்டட்' என்ற பெயரில் முறையான தரமும் எழுதப்பட்டது. ஆனால் பழைய பெயரே இன்றும் பெருவழக்கு. ப்ராக்ஸி தனக்குக் கடிதம் கொடுத்தவரின் முகவரியை இந்தக் குறிப்பில் எழுதி உள்ளே அனுப்பும். உள்ளிருக்கும் வழங்கி உறையின் மேல் முத்திரையை விட்டுவிட்டு இந்தக் குறிப்பைப் படிக்க வேண்டும். என்ஜின்எக்ஸ் வழங்கியில் அதற்கென்று 'ரியல் ஐ.பி.' என்ற கூறு உண்டு. அப்பாச்சியில் 2012இல் வந்த 2.4ஆம் பதிப்பு முதல் 'ரிமோட் ஐ.பி.' என்ற கூறு உண்டு. இரண்டுமே தாமாக வேலை செய்யத் தொடங்குவதில்லை. யாராவது சொல்லி வைக்க வேண்டும். எங்களிடம் யாரும் சொல்லி வைக்கவில்லை.

தம்பி அன்றிரவே சரிசெய்தார். ஆனால் அவசரத்தில் ஓர் ஓட்டை விட்டுவிட்டார். குறிப்பில் முதலில் எது எழுதியிருக்கிறதோ அதுவே உண்மையான முகவரி என்று எடுத்துக்கொள்ளும்படி அமைத்தார். மறுவாரம் என் பழைய மாணவன் ஒருவன், அப்போது இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவம், தங்கையின் பெயரில் உள்ளே வந்துவிட்டு எனக்குச் செய்தி அனுப்பினான். "டீச்சர், பதிவேட்டுல என் முகவரியப் பாருங்க." பார்த்தேன். 8.8.8.8 என்றிருந்தது. அது கூகுள் நிறுவனத்தின் பெயர்பெற்ற முகவரி என்று தம்பி சொல்லித்தான் தெரிந்தது. பையன் அங்கே வேலை செய்யவில்லை. அவன் வீடு யோங் பெங்கிலிருந்து ஆயர் ஈத்தாம் போகிற சாலையில் இருக்கிறது. கிராணியிடம் கொடுக்கும் முன்பே உறையின் ஓரத்தில் தன் கையாலேயே வேறொரு வீட்டு எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டான், அவ்வளவுதான். கிராணி அதை அழிக்காமல் அதன் பக்கத்தில் உண்மை எண்ணை எழுதி அனுப்பினார். நம் வழங்கியோ முதலில் கண்ட கையெழுத்தை நம்பிற்று. இப்படி ஒவ்வொரு முறையும் எண்ணை மாற்றி எழுதிக்கொண்டே இருந்தால் ஐந்து முறை விதிக்கு அவன் அகப்படவே மாட்டான். அவனைக் கண்டிப்பதா, பாராட்டுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்தேன்.

சரியான முறை இதுதான். நம் கிராணியின் கையெழுத்தை மட்டும் நம்ப வேண்டும். எந்தெந்த முகவரிகள் நம் ப்ராக்ஸிகள் என்று வழங்கிக்கு முன்கூட்டியே பட்டியல் கொடுக்க வேண்டும். அவற்றிடமிருந்து வந்தால் மட்டுமே குறிப்பைப் படிக்க வேண்டும். படிப்பதையும் வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். கடைசியாக எழுதியவர் நம் ஆள், அவர் எழுதியது நம்பத்தக்கது. நம் ஆட்களின் எண்களைத் தாண்டியதும் முதலில் எதிர்ப்படும் அயல் எண்தான் வந்தவரின் முகவரி. அதற்கு இடப்பக்கம் உள்ளதெல்லாம் வெறும் வாய்ச்சொல். கிளவுட்ஃபிளேர் போன்ற வெளிநிறுவனத்தின் ப்ராக்ஸியை வைப்பவர்கள் அந்நிறுவனம் வெளியிடும் முகவரிப் பட்டியலைச் சேர்ப்பதோடு, பின்வாசலையும் பூட்ட வேண்டும். ப்ராக்ஸியைச் சுற்றிக்கொண்டு நேரே வழங்கிக்கு வர வழியிருந்தால், வாசலில் ஆள் நிறுத்தியதில் பயனில்லை.

இதுவரை சொன்னது பொறியாளர் வேலை. என் வழக்கு இனிமேல்தான்.

முகவரிகள் சரியாக விழத் தொடங்கின. பதிவேட்டைப் படிக்க எனக்கும் வழி செய்து கொடுத்தார் தம்பி. ஆசிரியர் கையில் பதிவேடு கிடைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வாரம், ஒரே முகவரியிலிருந்து மூன்று பெயர்கள் அடுத்தடுத்து வந்திருப்பதைக் கண்டேன். நேரம் 12.40 முதல் 1.35 வரை. மூவருக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண். மூன்றில் ஒன்று, நன்றாகப் படிக்கும் அந்த நான்காம் ஆண்டுப் பையன். அவனே மூவருக்கும் எழுதியிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். தாயாரை அழைத்தேன். பையன் தொலைபேசியில், "நாங்க ராத்திரிதான் எழுதுனோம் டீச்சர், அவங்கவங்கதான் எழுதுனாங்க" என்றான். என் முன்னே திரையில் பகல் 12.40 என்றிருக்கிறது. பிள்ளை வாய்கூசாமல் பொய் சொல்கிறான் என்றே நினைத்தேன். "பதிவேடு பொய் சொல்லாதும்மா" என்று தாயாரிடம் சொன்னேன். அந்த வாக்கியத்தை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அதற்கடுத்த வாரம் மூன்று பெயர்களும் வரவில்லை.

பத்து நாள் கழித்து வேறொரு காரியமாகத் தம்பியிடம் பேசும்போது தற்செயலாகத் தெரிந்தது. வழங்கியின் கடிகாரம் மலேசிய நேரத்தில் ஓடவில்லை. உலகப் பொது நேரத்தில் ஓடியது. நாம் அதற்கு எட்டு மணி நேரம் முந்தியவர்கள். 12.40 என்றால் நமக்கு இரவு 8.40. பையனின் தந்தை லாரி ஓட்டுநர். வீட்டில் இருக்கும் ஒரே திறன்பேசி பகலெல்லாம் அவரோடு சாலையில் இருக்கும். இரவு அவர் வந்த பிறகு பையனும் தங்கையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் முறை வைத்து எழுதியிருக்கிறார்கள். அவன் சொன்னதில் ஓர் எழுத்தும் பொய் இல்லை. மதிப்பெண் ஒத்திருந்ததற்குக் காரணமா? கேள்விகள் எளிமை. அது நான் எழுதிய கேள்வித்தாள்.

ஆகவே என் கருத்து இதுதான், ஆசிரியர்களே. ப்ராக்ஸிக்குப் பின்னால் மறைந்த முகவரியை வெளியே கொண்டுவரத்தான் வேண்டும். இல்லையேல் ஒருவர் தவறுக்கு எல்லாரும் வெளியே நிற்க நேரும். ஆனால் வெளியே வந்தது கதவு எண். அந்தக் கதவு வழியே யார் வந்தார், எத்தனை பேர் வந்தார் என்பதை அந்த எண் சொல்லாது. முகவரியை வைத்துக் கதவைக் காக்கலாம். குழந்தையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக் கூடாது.

நான் செய்தது சிறு தவறு. இதே தவற்றைப் பெரிய இடங்களும் செய்திருக்கின்றன. 2006 டிசம்பர் இறுதியில், ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே முகவரியிலிருந்து தொடர்ந்து விஷமத் திருத்தங்கள் வருகின்றன என்று ஒரு நிர்வாகி அந்த எண்ணைத் தடைசெய்தார். பிறகுதான் தெரிந்தது, அது கத்தார் நாட்டின் ஒரே இணையச் சேவை நிறுவனத்தினுடைய ப்ராக்ஸியின் முகவரி. நம் தமிழர் பலர் பிழைக்கப் போன அந்த நாடு முழுவதும் ஒற்றை வாசல் வழியே இணையத்துக்குப் போய்க்கொண்டிருந்தது! கணக்கு வைத்திராத எவரும் அங்கிருந்து திருத்த முடியாமற் போயிற்று. ஒரு நாட்டையே விக்கிப்பீடியா தடைசெய்தது என்று செய்தி பரவ, 2007 புத்தாண்டையொட்டித் தடை விலக்கப்பட்டது. விக்கிமீடியா தரப்பினர் இத்தகைய நிறுவனங்களை, 'ஓரக் குறிப்பை எழுதி அனுப்புங்கள், நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறோம்' என்று கேட்டுக்கொண்டார்கள். தடையைவிட அது நல்ல தீர்வு என்பேன்.

அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. நம் யோங் பெங்கிலிருந்து விரைவுப் பேருந்து ஏறினால் சில மணி நேரத்தில் சிங்கப்பூர். 1996இல் அங்கே இணையத்துக்கு உரிம விதிகள் வந்தபோது, குறிப்பிட்ட சில தளங்களைத் தடுக்கச் சேவை நிறுவனங்கள் ப்ராக்ஸிகளை நிறுத்தின. விளைவாகப் பல்லாயிரம் பயனர்கள் வெளியுலகுக்கு ஒரு சில முகவரிகளாகத் தெரிந்தார்கள்.

ப்ராக்ஸி இல்லாமலே இது நடக்கவும் செய்கிறது. பழைய முறை ஐ.பி. முகவரிகள் மொத்தம் ஏறத்தாழ 430 கோடி. 2011 பிப்ரவரி 3ஆம் நாள் உலகக் கையிருப்பின் கடைசித் தொகுதிகள் வட்டார அமைப்புகளுக்குப் பங்கிடப்பட்டன. அதே ஏப்ரலில் நம் ஆசிய-பசிபிக் வட்டாரம் எஞ்சியதை அளந்து கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டது. அதனால் கைப்பேசி நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே வெளிமுகவரியின் பின்னால் அமர்த்துகின்றன. 2012இல் இதற்கென்றே 100.64 என்று தொடங்கும் ஒரு தொகுதி ஒதுக்கப்பட்டது. இங்கே உறையின் ஓரத்தில் குறிப்பு எழுதும் கிராணியும் கிடையாது. யார் எந்த நேரத்தில் வந்தார் என்று பிரித்தறிய, முகவரியோடு வாயில் எண்ணும் நொடி பிசகாத நேரமும் வேண்டும் என்று 2011இலேயே இணையப் பொறியாளர் அமைப்பு பரிந்துரைத்தது. எத்தனை பதிவேடுகளில் அவை இருக்கின்றன? எங்கள் பதிவேட்டில் இல்லை.

தவறினால் என்ன ஆகும்? 2007 ஆகஸ்டில் பெங்களூரில் கணினித் துறை ஊழியர் ஒருவரைப் புனே காவல்துறை கைது செய்தது. ஆர்குட் தளத்தில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் படம் வெளியிட்டார் என்பது குற்றச்சாட்டு. சான்று, ஓர் ஐ.பி. முகவரி. அந்த முகவரிக்குரியவர் இவர்தான் என்று இணையச் சேவை நிறுவனம் கொடுத்த விவரம் தவறானது. அது தெரிந்து வெளியே வருவதற்குள் அவர் ஐம்பது நாள் சிறையில் கழித்துவிட்டார். என் மாணவன் இழந்தது இரண்டு வாரப் புதிர்ப்போட்டி. அளவு வேறு; பிழை ஒன்றே.

பெற்றோர்களே, இனி உங்களுக்கு. நம் நாட்டில் 2012 ஜூலை 31ஆம் நாள் சான்றுச் சட்டத்தில் 114ஏ என்ற பிரிவு நடைமுறைக்கு வந்தது. ஒரு பதிவு எந்த இணைய இணைப்பிலிருந்து புறப்பட்டதோ, அந்த இணைப்பு யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ, அவரே அதை வெளியிட்டவர் என்று கருதப்படுவார். இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அவருடையது. முகம் மறைத்து எழுதுபவர்களைப் பிடிக்கவே இது என்று அரசுத் தரப்பில் சொன்னார்கள். அதே ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள் பல இணையத்தளங்கள் முகப்பைக் கறுப்பாக்கி எதிர்ப்புத் தெரிவித்தன. நான் சட்டம் படித்தவள் அல்லள். ஆனால் லயத்திலிருந்து வந்த கடிதத்துக்குக் கிராணியே பொறுப்பு என்று தொடங்குகிற சட்டம், என் பதிவேட்டு வாசிப்பைப் போன்றது என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் வீட்டு இணைப்பு உங்கள் பெயரில்தானே இருக்கிறது? மகன், மகளின் தோழி, தீபாவளிக்கு வந்த மைத்துனர் பிள்ளைகள், கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிய பக்கத்து வீட்டார் என்று அந்த ஒரு கதவு வழியே எத்தனை பேர் போய்வருகிறார்கள்? வீட்டுக் கம்பியில்லா இணைப்பின் கடவுச்சொல்லை மாற்றி எத்தனை ஆண்டாயிற்று?

'இவ்வளவு வம்பு என்றால் முகவரியைப் பதியாமலே விட்டுவிடலாமே' என்று எங்கள் குழுவில் ஒரு மூத்த ஆசிரியர் கேட்டார். அவர் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் கடவு எண்ணைத் திருட முயல்பவனைத் தடுக்க நமக்கு வேறு எளிய வழி இல்லை. பதிய வேண்டும்; குறுகிய காலம் வைத்திருக்க வேண்டும்; தொழில்நுட்பம் பார்ப்பவரைத் தவிர வேறெவர் கையிலும், குறிப்பாக மதிப்பெண் போடுபவர் கையில், கொடுக்கக் கூடாது. என் கையிலிருந்து பிடுங்கியிருக்க வேண்டும்.

உங்கள் பள்ளிக்கோ பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கோ யாராவது இணையவழிப் போட்டி, வருகைப் பதிவு என்று அமைத்துக் கொடுத்தால், அவரிடம் தயங்காமல் கேளுங்கள். முன்னால் ப்ராக்ஸி இருக்கிறதா, அதன் கையெழுத்தை மட்டுமே நம்பும்படி வைத்தீர்களா, பதிவேட்டின் கடிகாரம் எந்த நாட்டு நேரம் காட்டுகிறது, எத்தனை நாளில் அழிப்பீர்கள், யார் யார் பார்ப்பார்கள். பதில் சொல்லத் தெரிந்தவர் மகிழ்ச்சியோடு சொல்வார்.

கட்டுப்பாடு தளர்ந்து பள்ளி திறந்த முதல் வாரத்தில் அந்தப் பையனை வகுப்புக்கு வெளியே அழைத்து, தவறு என்னுடையது என்று சொன்னேன். அவன் தலையை ஆட்டிவிட்டு, "அப்ப தங்கச்சியும் மறுபடி எழுதலாமா டீச்சர்?" என்று கேட்டான். அன்று மாலை தாயாரையும் போய்ப் பார்த்தேன். அவர் தேநீர் கொடுத்தார். அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

எங்கள் புதிர்ப்போட்டியின் வழங்கி இப்போது மலேசிய நேரம் காட்டுகிறது. முகவரிகள் முப்பதாம் நாள் தாமாகவே அழிந்துவிடும். ஆசிரியர்கள் பார்வைக்கு வரும் பட்டியலில் முகவரி என்ற பத்தியே இல்லை. அதை நீக்கச் சொன்னது நான்தான்.

அன்புடன்,
யோங் பெங்கிலிருந்து ஓர் ஆசிரியை